கேமரன் மலையில் பிற்பகல் மழை: எச்சரிக்கை வருகிறது, ஒதுங்க நேரம் கிடைக்கிறதா?

கேமரன் மலை, ஏப். 21, 2025 – காலை எட்டு மணிக்குத் தானா ராத்தாவில் நிற்பவருக்கு மழை பற்றிய நினைப்பே வராது. மூடுபனி விலகி, தேயிலைச் சரிவுகளில் இளவெயில் படிகிறது. பத்து மணிக்கு வானம் தெளிந்த நீலமாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மலைமுகடுகளுக்குப் பின்னால் வெண்மேகம் திரள்கிறது. இரண்டு மணிக்கு அதன் அடிப்பகுதி கறுக்கிறது. மூன்று மணிக்கு இடி இடிக்கிறது. நான்கு மணிக்குச் சாலையோரக் கால்வாயில் செம்மண் நீர் கரைபுரண்டு ஓடுகிறது. ஏழு மணிக்கு எல்லாம் ஓய்ந்து, குளிர் மட்டும் மிஞ்சுகிறது.

தினமும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மார்ச் மாத இறுதி முதல் மே நடுப்பகுதி வரை கேமரன் மலையின் பெரும்பாலான மழை நாள்களுக்கு உரிய கால அட்டவணை இதுதான். ஆண்டுதோறும் இதே வாரங்களில், ஏறக்குறைய இதே மணி நேரத்தில் வருகிறது என்பதால் இந்த மழையை எதிர்பாராத மழை என்று சொல்லிவிட முடியாது.

அப்படியிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்த மழை மனிதர்களை வெட்டவெளியில் பிடித்துக்கொள்கிறது. கொழுந்து பறிப்பவர் சரிவின் நடுவில் இருக்கிறார். காய்கறித் தோட்டத் தொழிலாளி பிளாஸ்டிக் கூடாரத்துக்கு வெளியே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். பள்ளி முடிந்த பிள்ளைகள் வேனில் வந்துகொண்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பம் தாப்பா சாலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை வந்த பிறகு ஒதுங்க இவர்களுக்கு நேரமும் உரிமையும் இருக்கின்றனவா என்பதே இந்தப் பருவம் முன்வைக்கும் கேள்வி.

மலைக்கு வசந்தம் கிடையாது

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மார்ச் முதல் மே வரை வசந்த காலம். மலேசியாவில் அப்படியொரு பருவம் இல்லை. இங்கே ஆண்டைப் பிரிப்பது காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் இடையில் காற்று வலுவிழந்து திசை மாறும் இரண்டு இடைக்காலங்கள் உண்டு. இப்போது நடப்பது அவற்றில் முதலாவது.

பருவமாற்றக் காலம் என்ற பெயரைக் கேட்டால் அமைதியான இடைவேளை போலத் தோன்றும். கடலோரக் கிழக்கு மாநிலங்களுக்கு அது ஓரளவு உண்மை. தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கும் உள்நாட்டுக்கும், குறிப்பாக மலைப்பகுதிக்கும் இது இடிமழையின் காலம்.

கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் இரண்டு உச்சங்கள் உண்டு. ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பரில். ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்டவை. ஏப்ரல் மாதத்தில் பெய்யும் மழை பிப்ரவரி மழையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

வெப்பநிலையில் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. தானா ராத்தாவில் பகலில் 23, 24 பாகை செல்சியஸ், இரவில் 15, 16 பாகை என்பது இந்த வாரங்களின் வழக்கம். கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் வெப்பம் சுமார் 0.6 பாகை குறைகிறது. ஈப்போவில் 34 பாகை கொளுத்தும் நாளில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் 24 பாகையாக இருப்பதற்கு இதுவே காரணம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 பாகையும் கேமரன் மலையில்தான் பதிவானது. அது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. மலைக்கு வருபவர்கள் குளிரை எண்ணிக் கம்பளிச் சட்டை எடுத்து வருகிறார்கள். ஏப்ரலில் வருபவர்கள் அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கைக்கடிகாரத்தை.

ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும், அடுத்ததில் தூறாது

இந்த மழை ஏன் பிற்பகலில் வருகிறது? விளக்கம் எளிமையானது. காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்குகிறது. சரிவை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப, பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வருகிறது. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் கடற்காற்றும் தித்திவங்சா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. உயரப் போகும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. நண்பகல் தாண்டும்போது அது இடிமேகமாக வளர்ந்துவிடுகிறது.

மற்ற பருவங்களில் வீசும் காற்று இந்த மேகங்களை நகர்த்திக்கொண்டு போகும். இப்போது காற்று பலவீனமாக இருப்பதால் மேகம் உருவான இடத்திலேயே நின்று கொட்டுகிறது. ரிங்லெட்டில் கொட்டித் தீர்க்கும் அதே நேரத்தில் கம்போங் ராஜாவில் துணி காய்ந்துகொண்டிருப்பது இதனால்தான். அடுத்த நாள் இது தலைகீழாகவும் மாறும்.

முன்னறிவிப்பின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா, காலை, பிற்பகல், இரவு எனப் பிரித்து நாள்தோறும் முன்னறிவிப்பு தருகிறது. அதன் மைக்குவாச்சா செயலியில் யாரும் பார்க்கலாம். ஏப்ரல் மாதத்தில் கேமரன் மலைக்குப் பிற்பகல் இடிமழை என்ற குறிப்பு அடிக்கடி வரும். அது தவறான தகவல் அன்று. ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில், எந்தத் தோட்டத்தின் மேல் என்று காலையிலேயே சொல்லக்கூடிய கருவி எங்கும் இல்லை. சில கிலோமீட்டர் அகலமே உள்ள மேகம் எங்கே முளைக்கும் என்பது அது முளைத்த பிறகே தெரியும்.

அதனால் மலைவாசிகளிடையே ஒரு பழக்கம் வந்துவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து இடிமழை என்று செயலி சொல்லி, மூன்று நாளும் தங்கள் பக்கம் மழை பெய்யவில்லை என்றால், நான்காம் நாள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆபத்து அந்த நான்காம் நாளில் வரலாம். முன்னறிவிப்பை மழை பெய்யும் என்ற உறுதிமொழியாகப் படிப்பதைவிட, பெய்யக்கூடிய நேரம் எது என்ற குறிப்பாகப் படிப்பதே பயன் தரும்.

எச்சரிக்கையில் உள்ள எண்கள்

முன்னறிவிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை தரக்கூடிய இடிமழை நெருங்கிவிட்டாலோ, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் எனத் தெரிந்தாலோ மெட்மலேசியா இடிமழை எச்சரிக்கை வெளியிடுகிறது. அது ஒரு தடவையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. மேகம் உருவான பிறகு வருவது என்பதால் இந்த எச்சரிக்கை முன்னறிவிப்பைவிட நம்பகமானது. அதே காரணத்தால் அது தரும் அவகாசமும் குறைவு. பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் எச்சரிக்கையைத் தோட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர் மூன்றரை மணிக்குப் பார்த்தால் அதில் பயனில்லை.

வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. மணிக்கு 10 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 30 வரை மிதமானது. 31 முதல் 60 வரை கனமழை. 60க்கு மேல் மிகக் கனமழை. அந்தத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளம் ஆற்று நீர்மட்டத்தை வழக்கமான நிலை, விழிப்பு நிலை, எச்சரிக்கை நிலை, அபாய நிலை என நான்காகப் பிரித்துக் காட்டுகிறது.

இந்த எண்களைத் தரையில் வைத்துப் பார்த்தால் பொருள் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் நிலம் சுமார் 4,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால், ஓர் ஏக்கரில் மட்டும் 2 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அந்த ஏக்கர் காடாக இருந்தால், இலைகளும் சருகும் வேரும் அதில் ஒரு பகுதியைப் பிடித்து மெதுவாக விடும். தேயிலையாக இருந்தால், அடர்ந்த செடிகளும் வேர்களும் மண்ணை ஓரளவு கட்டிவைக்கும். ஆனால் அது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டமாக இருந்தால், கூரையில் விழும் நீரில் ஒரு சொட்டும் அடியிலுள்ள மண்ணுக்குள் இறங்காது. முழுவதும் ஒரே நேரத்தில் ஓரத்து வடிகாலுக்கு வரும்.

வடிகால் சரியாக வெட்டப்பட்டிருந்தால் அது ஆற்றைச் சேரும். இல்லாவிட்டால் கீழே இருப்பவரின் வீட்டுப் பின்சுவரைச் சேரும். கேமரன் மலையில் அத்தகைய கூடாரங்கள் சரிவு சரிவாகப் பரந்திருப்பதை பிரிஞ்சாங்கிலிருந்து புளூ வேலி வரை செல்லும் எவரும் பார்க்கலாம். கூடாரம் பயிரைக் காக்கிறது, விவசாயிக்குச் சோறு போடுகிறது. அதன் நீர் எங்கே போகிறது என்பதற்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

சரிவுக்கு நினைவு உண்டு

மழை நின்றதும் ஆபத்து நின்றுவிட்டது என்று நினைப்பது மலையில் செல்லாது. இங்குள்ள கருங்கற்பாறை பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் சிதைந்து ஆழமான மண்ணாகியிருக்கிறது. அந்த மண்ணுக்குள் இறங்கிய நீர் உடனே வெளியேறுவதில்லை. நேற்றைய மழையும் முந்தாநாள் மழையும் உள்ளேயே தங்குகின்றன. ஒரு வாரம் தொடர்ந்து நனைந்த சரிவு, எட்டாம் நாள் பெய்யும் நடுத்தர மழைக்கே சரிந்துவிடக்கூடும். மழை ஓய்ந்த பிறகு நள்ளிரவில் சரிவதும் உண்டு.

2024 ஜனவரி 26ஆம் தேதி அதிகாலையில் புளூ வேலிப் பகுதியில் காய்கறித் தோட்டம் ஒன்றில் நிலம் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் மண்ணுக்குள் புதைந்து மாண்டனர். அதற்கு முன் 2013 அக்டோபர் 23ஆம் தேதி ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் வேலியில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைப் பறித்தன. அடுத்த ஆண்டு நவம்பரிலும் ரிங்லெட் வட்டாரம் சேற்று வெள்ளத்தில் சிக்கியது.

இந்த மூன்று பேரிடர்களும் ஏப்ரலில் நடந்தவை அல்ல. அக்டோபர், நவம்பரிலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை நாள்கணக்கில் பெய்வதால் சரிவு ஆழமாக நனைகிறது. அந்த வகையில் ஆண்டின் இறுதிப் பகுதியே மலைக்குப் பெரிய சோதனை. ஏப்ரல் மழை குறுகிய நேரத்தில் வேகமாகக் கொட்டுவது. அது பெரும்பாலும் மேல்மண்ணை அரிக்கும், சாலையோர வெட்டுச் சரிவுகளைச் சரிக்கும், சிற்றோடைகளைச் சில நிமிடங்களில் பொங்கவைக்கும். மின்னலும் இப்போதுதான் அதிகம். ஒவ்வொரு காலையும் வெயிலோடு விடிவதால், நேற்று நனைந்த சரிவு இன்று காய்ந்துவிட்டது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் தோன்றுவது, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, சரிவிலிருந்து புதிய இடத்தில் நீர் கசிவது, தெளிந்து ஓடிய ஓடை திடீரெனக் கலங்குவது, கதவு சட்டத்தில் இறுகி மூட முடியாமல் போவது ஆகியவை அவை. மழையில் ஓடை நீர் சட்டென்று குறைந்தாலும் அஞ்ச வேண்டும். மேலே எங்கோ மண் சரிந்து நீரை அடைத்திருக்கலாம். இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் வெளியேறி, பிறகு 999க்கு அழைக்க வேண்டும்.

வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்?

கேமரன் மலையில் தேயிலையின் வரலாறும் தமிழர்களின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து காட்டைத் திருத்தியவர்களிலும் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர்கள் பெரும் பங்கினர். இன்று சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆயினும் லயங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் மலையை விட்டுப் போய்விடவில்லை. தொழிற்சாலையிலும் லாரியிலும் பள்ளி வேனிலும் சந்தைக் கடையிலும் சுற்றுலா வண்டியிலும் காய்கறித் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் அவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர்கள் எல்லாருடைய வேலையும் வானத்துக்குக் கீழேதான்.

ஏப்ரல் மழை கொழுந்துக்கு நல்லது. வறண்ட பிப்ரவரிக்குப் பின் வரும் ஈரத்தில் செடி வேகமாகத் துளிர்க்கிறது. பறிக்க வேண்டிய கொழுந்து கூடுகிறது. எடைக்கேற்பக் கூலி வாங்கும் இடங்களில், நிறையப் பறித்துச் சம்பாதிக்கக்கூடிய வாரங்களும் இவைதான். இடி விழும் வாரங்களும் இவைதான். தேயிலைச் செடி இடுப்பளவே உயரம். மரங்கள் குறைந்த திறந்த சரிவில் நிற்கும் மனிதரே சுற்றுவட்டத்தில் உயர்ந்த பொருளாகிவிடுகிறார்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நேரத்தை எண்ணிப் பார்ப்பது பழைய வழி, இன்றும் பயன்படும் வழி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே திரும்ப வேண்டும். தனிமரத்தடியும், நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போட்ட நிழற்கூடமும் ஒதுங்கிடம் ஆகா.

சொல்வது எளிது. முப்பது நிமிடம் காத்திருந்தால் அந்த முப்பது நிமிடக் கொழுந்து போகிறது. இடி நாளுக்கு இரு முறை வந்தால் ஒரு மணி நேரம் போகிறது. அந்த இழப்பு தொழிலாளியின் கூலியில் விழுமானால், அவர் இன்னும் ஒரு கூடை என்று சரிவிலேயே நிற்பதைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு விதியை மீறுபவர் அவர் என்று எழுதிவைப்பதும் நியாயமாகாது.

சட்டம் இப்போது இதில் தெளிவாக இருக்கிறது. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து நெருங்கிவிட்டது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று அது சொல்கிறது. அப்படி விலகியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வேலையிட ஆபத்துகளை முதலாளி மதிப்பிட்டு வைத்திருக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். முதலாளியின் அடிப்படைக் கடமைகளை மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

சம்பளத்திலும் ஒரு பிடிமானம் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி வாங்குபவரின் மாத வருமானமும் அதற்குக் கீழே போகக் கூடாது என்பதும் அந்த ஆணையின் பகுதி.

காகிதத்தில் உரிமை இருக்கிறது. சரிவில் அது செயல்பட வேண்டுமானால், இடி கேட்டதும் வேலையை நிறுத்தச் சொல்பவர் மண்டோராக இருக்க வேண்டும். தொழிலாளி தானாக முடிவெடுத்து, தனியாக இறங்கி வந்து, பிறகு விளக்கம் சொல்லும் நிலை இருக்கக் கூடாது. ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் எச்சரிக்கை நேபாள, வங்காளதேச, மியன்மார் தொழிலாளிக்கும், செயலி பயன்படுத்தத் தெரியாத முதிய தமிழருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. தோட்டத்தில் ஏற்கெனவே உள்ள சங்கை இடி எச்சரிக்கைக்கும் ஊதலாம்.

சாலையும் சந்தையும்

மலைக்கு ஏறும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வரும் பழைய சாலை. வளைவுகள் அதிகம், அகலம் குறைவு. மற்றொன்று சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை. அகலமானது, ஆனால் உயர்ந்த வெட்டுச் சரிவுகளைக் கொண்டது. இரண்டிலும் பிற்பகல் மழையில் கல்லும் மண்ணும் மரக்கிளையும் விழுவது புதிதல்ல. ஒன்று அடைபட்டால் மற்றொன்றில் நெரிசல் பல மணி நேரம் நீள்கிறது. மருத்துவ அவசரத்துக்கு ஈப்போ செல்ல வேண்டிய நோயாளிக்கு அந்த மணி நேரங்கள் விலை மிக்கவை.

மே 1 தொழிலாளர் தினமும் விசாக தினமும் மலையில் கூட்டம் சேர்க்கும். மதிய உணவு முடித்து, ஸ்ட்ராபெரி வாங்கி, நான்கு மணிக்கு இறங்கத் தொடங்குவது பலருடைய வழக்கம். மழையும் அதே நேரத்தில்தான் இறங்குகிறது. காலையில் இறங்கிவிடுவதோ, மழை ஓய்ந்த பிறகு சாலை நிலவரம் கேட்டுவிட்டுப் புறப்படுவதோ நல்லது.

காய்கறி விலையில் இதன் விளைவு சற்றுத் தாமதமாகத் தெரியும். கூடாரமில்லாத நிலத்தில் தொடர்மழை பெய்தால் கீரை வகைகள் அழுகும், கோசில் நோய் பிடிக்கும், தக்காளி வெடிக்கும். சாலை ஒரு நாள் அடைபட்டாலே மறுநாள் ஈப்போ, கோலாலம்பூர் சந்தைகளில் சாவியின் விலை மாறுகிறது. சமதளத்தில் வாழும் தமிழர்களின் சமையலறைக்கு மலை வானிலை வந்து சேரும் வழி இது.

வரும் வாரங்கள் எப்படி இருக்கும்?

பசிபிக் பெருங்கடலில் லா நினா நிலை முடிந்துவிட்டதாக அமெரிக்கக் காலநிலை முன்கணிப்பு மையம் 2025 ஏப்ரல் 10ஆம் தேதி அறிவித்தது. எல் நினோவும் இல்லை, லா நினாவும் இல்லை என்ற நடுநிலை அடுத்த சில மாதங்களுக்கு நீடிக்கும் வாய்ப்பே அதிகம் என்றது அந்த மையம். அதாவது வழக்கத்தைவிட மிக வறண்ட அல்லது மிக ஈரமான பருவத்தை நோக்கி மலையைத் தள்ளும் பெரிய விசை அப்போது இல்லை.

எனவே மே நடுப்பகுதி வரை பிற்பகல் இடிமழை தொடரும் என்று எதிர்பார்ப்பது பொருத்தம். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று நிலைகொள்ளும்போது மழை படிப்படியாகக் குறையும். ஜூன், ஜூலை ஒப்பீட்டளவில் அமைதியான மாதங்கள். நடுநிலை என்பதற்காக ஒவ்வொரு நாளும் சாதாரணமாக இருக்கும் என்று பொருளில்லை. ஒரு பிற்பகலில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் நின்று கொட்டும் மேகத்துக்கு லா நினா தேவையில்லை.

மழை குறையும் அந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இடைவெளியில் செய்யப்படுவதும் செய்யாமல் விடப்படுவதும் அக்டோபரில் தெரியும். கூடாரங்களின் வடிகால்களைத் தூர்வாருவது, சாலையோரச் சரிவுகளைச் சோதிப்பது, சரிவுக்குக் கீழ் உள்ள தொழிலாளர் குடியிருப்புகளை இடம் மாற்றுவது ஆகியவை வறண்ட மாதங்களின் வேலைகள். தோட்ட நிர்வாகங்கள், மாவட்ட அலுவலகம், பொதுப்பணித் துறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் இதில் பங்குண்டு.

அதற்கு முன்னால், இந்த நான்கு வாரங்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வெட்டவெளி வேலையை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு முடித்துவிடலாம். இடியால் நிறுத்தப்படும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். தோட்டத்துப் பெற்றோர்களும் பள்ளிகளும் வேன் ஓட்டுநர்களும் சேர்ந்து, எந்த வளைவில் நீர் ஏறும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். மழை எந்த நேரத்தில் வரும் என்பதை மலையில் வாழும் எல்லாரும் அறிவார்கள். அந்த நேரத்தில் தொழிலாளி எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர்கள், அந்த அறிவைப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.